கர்ப்பகாலத் தைராய்டு குறைபாடும் நீரிழிவும்

கர்ப்பகாலத்தில் தைராய்டு சுரப்பியின் வேலைப்பளு கூடுகிறது. கருவின் தைராய்டு ஏறத்தாழ 18 முதல் 20 வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கத் தொடங்கும். அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோனையே பெரிதும் நம்பியிருக்கிறது. தாயிடம் இச்சுரப்பு குறைந்து, சிகிச்சையும் இல்லையென்றால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். இத்தகைய பெண்களிடம் கர்ப்பகால நீரிழிவும் கூடுதலாகக் காணப்படுகிறது.

இந்த நீரிழிவு ஏற்படுவது இப்படித்தான்: நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. கணையத்தால் ஈடுகட்ட முடியாதபோது ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. உடற்பருமனும் குடும்பத்தில் நீரிழிவும் ஆபத்தைக் கூட்டும்.

இதைக் கண்டறிய, இந்தியாவில் கர்ப்பிணியின் முதல் பரிசோதனையின்போதும், பின்னர் 24 முதல் 28 வாரங்களிலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு உறுதியாகிறது. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் போதாவிட்டால் மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின் தரப்படும்.

தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்களுக்குப் பிரசவமாகி 6 வாரங்களில் சர்க்கரையை மீண்டும் சோதிப்பது அவசியம்.