கொற்கை கிழானும் எங்க அஞ்சு சென்ட்டும்

கொற்கைன்னா உங்களுக்கு முத்து ஞாபகம் வரும். தாலமி 'கொல்கை'ன்னு எழுதி வச்ச பாண்டியர் துறைமுகம். இன்னைக்குப் போய்ப் பார்த்தா கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டது. குளமும் வாழையும் ஒரு பழைய வன்னி மரமும்தான் மிச்சம். எனக்கு மட்டும் கொற்கைன்னா பத்திர ஆபீஸ் ஞாபகம் வருது. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

1994ல அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டு அஞ்சு சென்ட் மனை ஒண்ணு வாங்கினார். லேஅவுட் வரைபடத்துல பஞ்சாயத்து சீல், முப்பதடி ரோடு, பார்க் எல்லாம் பளிச்சுன்னு இருந்தது. 2016 அக்டோபர்ல அக்கா மகள் கல்யாணத்துக்காக அதை விக்கப் போனோம். பத்திரம் எழுதுற அண்ணாச்சி கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "தம்பி, இப்போ ஒண்ணும் நடக்காது. கோர்ட் ஆர்டர்" என்றார்.

விஷயம் இதுதான். 2016 செப்டம்பர் 9 அன்று, வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் போட்ட பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவும் அதே அக்டோபர் 20ல் அமலுக்கு வந்தது. விளைநிலம் கண்மூடித்தனமாக மனையாவதைத் தடுப்பதுதான் நோக்கம். தாமிரபரணிக் கரையில் நன்செய் எப்படிக் கல் நட்டு மனையாகிறது என்று பார்த்தவர்களுக்கு அதில் இருந்த நியாயம் புரியும்.

அப்போ பஞ்சாயத்து சீல்? லேஅவுட் என்றால் நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் வேணும், தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. இது 1994ல யாருக்கும் உறைக்கவில்லை. போய்ப் பார்த்தா பார்க்னு வரைஞ்ச இடமும் மனையா வித்துப் போயிருந்தது!

இந்த அலைச்சலுக்கு நடுவுலதான் வேள்விக்குடிச் செப்பேடு பற்றிப் படிச்சேன். எட்டாம் நூற்றாண்டு, நெடுஞ்சடையன் பராந்தகன் காலம். கதை இப்படி: பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வேள்விக்குடி என்ற ஊரைக் கொற்கை கிழான் நற்கொற்றனுக்குத் தானமாகக் கொடுக்கிறான். பிறகு களப்பிரர் வந்து அதைப் பிடுங்கிக் கொள்கிறார்கள். எத்தனையோ தலைமுறை கழித்து, அந்த வழியில் வந்த நற்சிங்கன் மதுரையில் அரசன் முன் நின்று முறையிடுகிறான். அரசன் சிரித்துக்கொண்டே, உன் பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு காட்டி வாங்கிக்கொள் என்கிறான். அவனும் காட்டுகிறான். ஊர் திரும்பக் கிடைக்கிறது, நான்கு எல்லையோடு செப்பேட்டில் எழுதியும் தருகிறார்கள்.

யோசிச்சுப் பாருங்க. சரித்திரப் புத்தகங்களில் களப்பிரர் வரலாற்றுக்குச் சான்றாகப் பேசப்படும் செப்பேடு, அடிப்படையில் ஒரு கொற்கைக்காரரின் நிலப் பத்திரம்!

எனக்கு உறைச்சது இன்னொண்ணு. அரசன் நினைத்திருந்தால் அப்படியே கொடுத்திருக்கலாம். ஆனால் நிலத்தை அறிந்த நாட்டார் சாட்சி சொல்லணும்னு கேட்டான். நிலம் எவனுடையது என்பது அவன் வாயால் மட்டும் தீராது, சுற்றியிருப்பவரும் ஒப்புக்கணும். வழியும் வாய்க்காலும் எல்லாருக்கும் பொது இல்லையா? இன்றைய லேஅவுட் ஒப்புதலும் அதைத்தான் கேட்குது. ரோட்டையும் பார்க்கையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுன்னு சொல்றது அதுக்குத்தான்.

கல்யாணம் கடன் வாங்கித்தான் நடந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி விற்ற மனைகளுக்காக 2017 மே 4ல வரன்முறை விதிகள் வந்தன. முதல்ல லேஅவுட் முழுசுக்கும் ஒப்புதல், அப்புறம் தனித்தனி மனைக்கு. எங்க மனைக்காரங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தேடிப் பிடிச்சு, சேர்ந்து விண்ணப்பம் போட்டோம். இருபது வருசமா அடுத்தடுத்த மனைக்குச் சொந்தக்காரங்க, அன்னைக்குத்தான் முகம் பார்த்தோம். எங்க 'நாட்டார்' அவங்கதான்.

வாய்க்கால் புறம்போக்கில் வந்த ரெண்டு மனைக்கு மட்டும் கிடைக்கவில்லை. நீர்நிலைக்கு விதியில் விலக்கு கிடையாது. அதுல ஒண்ணு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் வாங்கினது. அவர் வரைபடத்தை மடிச்சுப் பையில வச்ச விதம் இன்னும் கண்ணுல நிக்குது. வித்தவனை எங்கே போய்த் தேடுவது?

அதனால மனை வாங்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். சீலைப் பார்க்காதீங்க, யார் போட்ட சீல்னு பாருங்க. ஒப்புதல் எண்ணைக் கேளுங்க, புலப்படத்தை எடுத்துக்கிட்டு வாய்க்கால் எங்கே போகுதுன்னு நேர்ல நடந்து பாருங்க. கொற்கை கிழான் வீட்டுக்காரங்க தலைமுறை தலைமுறையாக் காத்திருந்தாங்க. நமக்கு அவ்வளவு ஆயுசு இல்லை.