யார் பக்கத்துக் குறை?

பங்சாரில் கூடியிருக்கும் இந்த அரங்கில் பரம்பரை நோய்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு பிள்ளை நடக்கத் தடுமாறினால் நம் வீடுகளில் முதலில் கிளம்பும் கேள்வி, "யார் பக்கத்துக் குறை இது?" பெரும்பாலும் அது மருமகள் தலையில்தான் விழும். மும்பையில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் வைத்திருக்கிறது.

பம்பாய் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் பீம் சிங்காலிடம் ஒரே மாதிரியான பிள்ளைகள் வந்தார்கள. முதல் வயதுக்குள்ளேயே தலை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும். நடை தாமதமாக வரும். வந்த நடையும் போகப்போகத் தள்ளாடும். வலிப்பும் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெள்ளைப் பகுதி வீங்கிக் கிடக்கும். ஆனால் படத்தைப் பார்த்துப் பயப்படும் அளவுக்குப் புத்தி கெடுவதில்லை. இவர்களில் பலர் அகர்வால் என்ற வட இந்திய வணிகச் சமூகத்தினர். 1996இல் சிங்கால் குழுவினர் இதை எழுதி வெளியிட்டார்கள். 1995இல் நெதர்லாந்து மருத்துவர் மார்யோ வான் டெர் கினாப் இதே நோயை எட்டுப் பிள்ளைகளிடம் கண்டு எழுதியிருந்தார்.

காரணம் எங்கே? 2000இல் துருக்கிக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 22ஆம் குரோமோசோமின் நுனியைச் சுட்டினார்கள். மனிதக் குரோமோசோம்களில் முதலில் படித்து முடிக்கப்பட்டதும் அதுதான், 1999 டிசம்பரில். 2001இல் எம்.எல்.சி.1 என்ற மரபணு பிடிபட்டது. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானிய ஆய்வகம் ஒன்று அதை முன்பே படித்து, என்ன வேலைக்கு என்று தெரியாமல் வெறும் எண் போட்டு வைத்திருந்தது!

அகர்வால் பிள்ளைகளைச் சோதித்தபோது திரும்பத் திரும்ப ஒரே பிழை: மரபணுவில் ஓர் எழுத்து கூடுதல். பல தலைமுறைக்கு முந்தைய யாரோ ஒரு மூதாதையரின் சொத்து அது. அவர்கள் ஒரே கோத்திரத்தில் பெண் எடுப்பதில்லை. ஆனாலும் சமூகத்துக்குள்ளேயே மணம் முடிப்பதால் பிழை வெளியே போகவில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று முடிக்கும் நமக்கு இது வேறு வீட்டுச் செய்தி அல்ல.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதானால்தான் இந்த நோய். ஒரு பிரதி மட்டும் பழுதானவருக்கு ஒன்றும் செய்யாது. பெற்றோர் இருவரும் அப்படிப்பட்டவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

வலிப்புக்கு மருந்து இருக்கிறது. நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. எழுத்து எது என்று தெரிந்துவிட்டதால் அடுத்த பிள்ளைக்கு முன்பே இரத்தம் கொடுத்துப் பார்க்கலாம். கணவன், மனைவி இருவரும் போக வேண்டும். மருமகளை மட்டும் அனுப்பினால் பாதிப் பதில்தான் வரும்.