கோழிக்கொட்டில்ல பிறந்த ஒரு சொல்

ஆபீஸ்ல யார் மேல, யார் கீழன்னு பேசும்போது ‘பெக்கிங் ஆர்டர்’னு சொல்றீங்கல்ல, அந்தச் சொல் பிறந்த இடம் கோழிக்கொட்டில். அதுக்குக் காரணமானவர் நார்வே நாட்டுக்காரர், தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே. 1894ல பிறந்தவர்.

சின்னப் பையனா இருக்கும்போதே அவருக்குக் கோழிகள்னா உயிர். பெட்டைக்கோழிகளை ஒவ்வொண்ணா அடையாளம் கண்டு, எது எதைக் கொத்துது, எது யாருக்கு ஒதுங்குதுன்னு நோட்டுப் போட்டு எழுதி வெச்சார். வளர்ந்த பிறகு அதையே ஆராய்ச்சியாக்கி, 1922ல ஜெர்மன் மொழி ஆய்வு இதழ் ஒன்றில் வெளியிட்டார்.

எங்க ஊர்ப் பாட்டிங்களுக்கு இது தெரியாதான்னா, தெரியும். எந்தக் கோழி முதல்ல தீனிக்கு வரும், எது ஓரமா நிக்கும்னு சரியா சொல்லுவாங்க. அவர் செஞ்சது, ரெண்டு ரெண்டு கோழியா எடுத்துக் கணக்குப் பார்த்தது. எந்த ரெண்டு கோழியை எடுத்தாலும் ஒண்ணு கொத்தும், இன்னொண்ணு வாங்கிக்கும். முதல் சந்திப்புலயே சண்டை போட்டோ, ஒண்ணு பயந்து விலகியோ இது முடிவாயிடும். பிறகு பெரும்பாலும் மாறாது. வரிசையும் எப்பவும் ஏணி மாதிரி நேரா இருக்காது. கருப்பி செவலையைக் கொத்தும், செவலை வெள்ளையைக் கொத்தும், அந்த வெள்ளை கருப்பியையே விரட்டும். இப்படிப்பட்ட முக்கோணங்களையும் அவர் பதிவு செஞ்சிருக்கார்.

அமெரிக்காவுல சிகாகோ பல்கலைக்கழகத்து ஆலியும், அவரோட மாணவர் கூலும் இந்த வேலையைத் தொடர்ந்தாங்க. 1944ல ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டாங்க. ஒரு கூட்டத்தைக் கலைக்காம விட்டாங்க. இன்னொரு கூட்டத்துல கோழிகளை அடிக்கடி மாத்திக்கிட்டே இருந்தாங்க. மாத்தின கூட்டத்துல கொத்து அதிகம், தின்ன தீனி குறைச்சல், முட்டையும் குறைச்சல்.

இதுதான் ஆபீஸ் பேச்சுல விட்டுப்போன பாதி. கொத்து வரிசைன்னா அதிகாரம்னு மட்டும் நாம எடுத்துக்கிட்டோம். கோழிக்கு அது சண்டையை முடிச்சு வைக்கிற ஏற்பாடு. வரிசை நிலைச்சுட்டா, ஒரு பார்வை போதும், கீழே இருக்கிறது விலகிடும். ரத்தம் வர்றதெல்லாம் வரிசை கலையும்போதுதான் அதிகம்.

இந்த ஏற்பாடு நிக்கிறது ஞாபகத்து மேல. 1953ல கூலும் இன்னொருவரும் கோழிகளோட தோற்றத்தை மாத்திப் பார்த்தாங்க. உடம்பை மாத்தினதைவிட, தலையையும் கழுத்தையும் மாத்தினப்பதான் கூட்டாளிங்க அதிகமா தடுமாறினாங்க. பழகின கோழியையே புதுசுன்னு நினைச்சுக் கொத்தப் பாய்ஞ்சாங்க.

சந்தையில வாங்கின ஒரு வெடைக்கோழியை நேரா கொட்டில்ல விட்டா என்ன ஆகும்னு இப்போ புரியும். அது முகம் யாருக்கும் தெரியாது. அதனால ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா கணக்குத் தீர்க்கணும். பத்து கோழி இருந்தா பத்து சண்டை.

கிராமத்துல புதுக்கோழியைச் சில நாள் பஞ்சாரத்துல கவுத்து, மத்ததுங்க மேயுற இடத்துலயே வைப்பாங்க. ஓடிப்போகாம இடம் பழகட்டும்னுதான் சொல்லுவாங்க. ஆனா மூங்கில் இடுக்கு வழியா முகமும் பழகிடும், கொத்தும் எட்டாது.

மொட்டை மாடியில கோழி வளர்க்கிறவங்க ஒரு கம்பி வலையை நடுவுல கட்டினாலே அதே வேலை நடக்கும். ஒரு வாரமாவது விடுங்க. ஒத்தைக் கோழியா சேர்க்காம ரெண்டு மூணா சேர்த்தா கொத்து பங்கிட்டுப் போகும். தீனித்தட்டும் தண்ணியும் ரெண்டு இடத்துல வைங்க, கீழே இருக்கிறதும் பட்டினி கிடக்காது. லேசா கொத்தினா குறுக்கே போகாதீங்க. ரத்தம் தெரிஞ்சா உடனே பிரிச்சிடுங்க. சிவப்பைப் பார்த்தா மத்ததும் அங்கேயே கொத்தும்.

ஷெல்டெருப்-எப்பே 1976ல இறந்தார். அவர் கொடுத்த சொல் உலகம் முழுக்கப் பரவினாலும், சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துல அவருக்குன்னு ஒரு வேலை கடைசிவரை கிடைக்கலை.