பட்டியிலிருந்து பற்றைக்காடுவரை: வன்னியில் உண்ணி ஆபத்தின் வரலாறு

இலங்கையின் வன்னியில் உண்ணி மாட்டின் தொல்லையாகவே நெடுங்காலம் பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. அதைக் கட்டுப்படுத்துவது கால்நடை வைத்தியரின் பொறுப்பு என்று விட்டதால், காட்டோரத்தில் வாழும் மனிதருக்கு அதனால் வரும் ஆபத்து உரிய கவனத்தைப் பெறவில்லை. காடும் குடியேற்றமும் மாட்டினமும் மாறிய விதத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிலை எப்படி வந்தது என்பது விளங்கும்.

பிரித்தானிய ஆட்சிக்கால அரச அலுவலர் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலில் வருவது, குளங்களை அண்டிய சிற்றூர்களும் அவற்றைச் சூழ்ந்த பெருங்காடும் கொண்ட நிலம். அங்கு வளர்ந்தவை நாட்டு மாடுகள். பகலில் தரவையிலும் காட்டிலும் மேய்ந்து, மாலையில் பட்டிக்குத் திரும்பின. அந்த நூல் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1893இல், ஆய்வாளர்களான ஸ்மித்தும் கில்போர்னும் அமெரிக்க மாடுகளைக் கொன்ற காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று நிறுவியிருந்தனர். அந்தக் காய்ச்சலின் கிருமியான பபீசியா இலங்கை மாடுகளிலும் உண்டு. ஆனால் திமிலுள்ள நாட்டு மாட்டின் தோல் உண்ணியை எளிதில் ஒட்டவிடாது. கன்றாக இருக்கும்போதே சிறிதளவு தொற்றுக்கு உள்ளாகி, வாழ்நாள் முழுவதற்கும் எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிடும். மருந்தில்லாத அந்தக் காலத்தில் வன்னி மந்தைகளைக் காத்தது பெரும்பாலும் இந்தச் சமநிலைதான்.

இருபதாம் நூற்றாண்டில் காட்டின் விளிம்பு நகரத் தொடங்கியது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் வேலை 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் வந்தது. பின்னர் முத்தையன்கட்டுக் குடியேற்றமும், 1958, 1977 வன்செயல்களால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழர் வவுனியா, கிளிநொச்சி எல்லைக் காடுகளில் அமைத்த குடியிருப்புகளும் வந்தன. பாலையும் முதிரையும் நின்ற அடர்காட்டின் இடத்தைப் பல இடங்களில் பற்றைக்காடு பிடித்தது. பன்றியும் மாடும் நாயும் மனிதரும் ஒரே ஒற்றையடிப் பாதையில் நடக்கும் இந்தப் பற்றைதான் உண்ணிக்கு மிகவும் வாய்ப்பான இடம்.

மாட்டுண்ணியின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தால் கட்டுப்பாடு ஏன் கடினம் என்பது தெரியும். குஞ்சு புல்நுனியில் காத்திருந்து மாட்டில் ஏறுகிறது. ஏறத்தாழ மூன்று வாரம் அதே மாட்டில் இருந்து வளர்கிறது. வாலடியிலும் மடியோரத்திலும் காதுமடலுக்குள்ளும் குடித்துப் பெருத்த பெண்ணுண்ணி ஆமணக்கு விதைபோல் உருண்டு விழுந்து, மண்வெடிப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. மாட்டில் நம் கண்ணுக்குப் படுவது ஒரு பங்குதான். மிகுதி புல்லிலும் மண்ணிலும் இருக்கிறது. ஒருமுறை மருந்து பூசிவிட்டு உண்ணி ஒழிந்தது என்று நம்புவது வீண்.

மருந்துகளின் வரலாறும் இதையே உறுதிப்படுத்துகிறது. ஆஸ்திரேலியா 1890களில் ஆர்செனிக் கரைசலில் மாடுகளை முக்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிடிடி வந்தது, அதன்பின் அமிட்ராசும் ஃப்ளூமெத்ரினும் ஐவர்மெக்டினும். ஒவ்வொன்றுக்கும் எங்கேனும் ஓர் உண்ணிக் கூட்டம் தாக்குப்பிடித்துவிட்டது. அளவு குறைத்துக் கலக்குவதும் ஒரே மருந்தை ஆண்டுக்கணக்காகத் தொடர்வதும் இதை விரைவுபடுத்துகின்றன. வேப்பெண்ணெய் பூசுவதும் பட்டியை இடம்மாற்றுவதும் பழைய வழக்கங்கள்தான். எனினும் முட்டை விழும் மண்ணைக் கவனித்த வகையில் பட்டி மாற்றுவது அறிவார்ந்த வேலை என்பதே என் கருத்து.

உள்நாட்டுப் போர் இந்தப் பராமரிப்பு ஒழுங்கைக் குலைத்தது. 2009வரை நீண்ட இடப்பெயர்வுகளில் மாடுகள் கைவிடப்பட்டுக் கட்டாக்காலிகளாயின. கைவிட்ட வயல்களில் பற்றை ஏறியது. மீள்குடியேறியவர்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கறவை மாடுகள் வந்தன. ஜேர்சி, ஃபிரீசியன் கலப்பு மாடு கூடுதலாகப் பால் தருகிறது. ஆனால் உண்ணியை எதிர்க்கும் தோல் அதற்கு இல்லை. உண்ணி குறைந்த இடத்தில் வளர்ந்து பருவமடைந்த பசுவை வன்னித் தரவையில் விட்டால் காய்ச்சலும் செந்நிறச் சிறுநீரும் கண்டு அது சாகவும் கூடும். கடன்பட்டு மாடு வாங்கிய ஒரு பெண் தலைமைக் குடும்பத்துக்கு அந்தச் சாவு எத்தகையது என்பதை உதவித் திட்டம் வகுப்பவர்கள் முன்கூட்டியே எண்ண வேண்டும். மாட்டோடு சேர்த்து உண்ணி மருந்தும் அதைக் கலக்கும் பயிற்சியும் கொடுக்கப்பட வேண்டும்.

மனிதருக்கு வரும் ஆபத்து இன்னும் நெருக்கமானது. இலங்கையில் மனிதக் காதுக்குள் உண்ணி ஏறுவது குறித்துப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மிகுதியாகக் கிடைத்தது டெர்மசென்டர் ஔராட்டஸ் என்ற இனத்தின் இளம்பருவம். அதன் முதிர்ந்த உண்ணி காட்டுப்பன்றியில் வாழ்வது. பன்றிகள் வயலுக்குள் இறங்கும் வன்னிக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

காதில் ஏறுவதோடு ஆபத்து நிற்பதில்லை; உண்ணி நோயையும் கடத்தும். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபின் மனிதரிடம் பரவிய காய்ச்சலை ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணியே முதன்மையாகக் கடத்தியது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டுக்குள் போனவர்களே அதற்குப் பலியானார்கள். 2012இல் அந்தக் கிருமி தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டிலும் குரங்குகளில் கண்டறியப்பட்டது. அந்த உண்ணியினம் இலங்கையிலும் உண்டு. மந்தியும் குரங்கும் வன்னிக் காடுகளிலும் உண்டு. அச்சத்தைக் கிளப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. காட்டில் குரங்குகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கிராம அலுவலர் அன்றே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்ல வேண்டும். மாவட்ட வைத்தியசாலையில் காதிலிருந்தோ தோலிலிருந்தோ எடுக்கும் உண்ணியை எறியாமல் மதுசாரத்தில் இட்டு, ஊர்ப்பெயரும் திகதியும் எழுதி இனங்காண அனுப்ப வேண்டும். இதற்குத் தேவைப்படுவது சிறு குப்பியும் ஒரு பதிவேடும் மட்டுமே.