கோயில் மண்ணில் கிடைத்த ஒரு பித்தளைப் பொத்தான்

 

போன ஞாயிறு கோத்தோங் ரோயோங்குக்கு வந்து கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி. அன்னைக்கு நடந்த ஒரு விஷயத்தை எழுதணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு, பொறுமையா படிங்க.

நம்ம இளைஞர் ஒருத்தர் ஆன்லைனில் வாங்கின மெட்டல் டிடெக்டர் கொண்டு வந்திருந்தார். பழைய தோட்டத்து லயம் இருந்த பக்கம், வேப்பமரத்துக்கிட்ட அதை ஆட்டிக்கிட்டே போனார். முதல்ல கிடைச்சது டின் மூடி. அப்புறம் ஆணி. அப்புறம் ஒரு பித்தளைப் பொத்தான். இருபது காசு அளவு, மேலே ஒரு கிரீடம், சுத்தி எழுத்து தேய்ஞ்சு போச்சு.

எனக்கு இந்தக் கருவி புதுசு இல்லை. பேக்டரி லைன்ல இதே வேலையைச் செய்யற மெஷின் இருக்கு. சுருள் கம்பியில் மின்சாரம் ஓடும், அதைச் சுத்தி காந்தப் புலம் உண்டாகும். உலோகம் பக்கத்துல வந்தா அந்தப் புலம் மாறும், மெஷின் கத்தும். அவ்வளவுதான். அது பழசா புதுசா, சாமி பொருளா குப்பையான்னு மெஷினுக்குத் தெரியாது. அதை நாமதான் கண்டுபிடிக்கணும்.

அந்தப் பொத்தானைப் பார்த்து என்ன சொல்லலாம்? பால் மரம் வெட்டிய நம்ம தாத்தா பாட்டி பித்தளைப் பொத்தான் போட்டவங்க இல்லை. இது பெரும்பாலும் சீருடைப் பொத்தான். ரயில்வே, போலீஸ், பட்டாளம், ஏதோ ஒண்ணு. வெப்ப நாட்டுச் சீருடையில் இந்த மாதிரிப் பொத்தானைத் தைக்காமல், பின்னால் ஒரு வளையம் போட்டு மாட்டுவாங்க. துணி வெளுக்கப் போகும்போது கழட்டி வைக்கலாம். அதனாலயே தொலையவும் தொலையும்.

கிரீடமும் பேசும். விக்டோரியா ராணி காலத்துக் கிரீடம் ஒரு மாதிரி. 1902லிருந்து 1952 வரை ராஜா காலத்தில் வேற மாதிரி. எலிசபெத் ராணி வந்த பிறகு மறுபடியும் மாறிச்சு. நம்மகிட்ட கிடைச்சது ராஜா காலத்துக் கிரீடம் மாதிரி தெரியுது.

அந்தக் காலத்தில் நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் சீருடை போட்டவங்கதான். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் குடா வரைக்கும் 1886ல் ரயில் ஓட ஆரம்பிச்சது. 1890ல் ஆத்துக்கு மேலே பாலம் கட்டி கிள்ளான் ஊருக்கே வந்தது. 1901ல் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறந்தாங்க, இன்னைக்கு போர்ட் கிள்ளான். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் நிறைய நம்ம தமிழர்களும் யாழ்ப்பாணத்துக்காரங்களும் இருந்த இடம். ரயில்வேக்காரர் யாராவது வேண்டுதலுக்கு நம்ம கோயிலுக்கு வந்தப்ப அந்தப் பொத்தான் விழுந்திருக்கலாம். இது ஊகம்தான்.

இனி என் மனசை உறுத்துற விஷயத்துக்கு வர்றேன்.

1996ல் நம்ம கோயில் திருப்பணியில் நானும் மண் வெட்டினேன். பழைய பீடத்தை நகர்த்தினப்ப அடியில் ஒரு சின்ன செம்பு. உள்ளே காசு, தகடு மாதிரி ஏதோ, சின்ன சின்ன கல்லு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே காசை ஆளுக்கு ஒண்ணுன்னு ராசிக்குப் பிரிச்சு எடுத்துக்கிட்டோம். செம்பு எங்கே போச்சுன்னே தெரியலை. ஒரு போட்டோ கூட எடுக்கலை.

அது என்னன்னு அப்புறம்தான் புரிஞ்சது. சாமி பிரதிஷ்டை பண்ணும்போது அடியில் நவரத்தினம், பஞ்சலோகம், யந்திரத் தகடு வைக்கிறது நம்ம ஆகம வழக்கம். கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு கேள்விப்பட்டிருப்பீங்க. அங்கே புக்கிட் பத்து பஹாட் கோயிலை 1936-37ல் குவாரிட்ச் வேல்ஸ் ஆராய்ஞ்சார். 1960 வாக்கில் அலஸ்டர் லாம்ப் அதைத் திரும்ப எழுப்பினப்ப, கட்டடத்துக்கு அடியில் கல் பேழைகள் கிடைச்சது. உள்ளே செம்புச் சிமிழ், மணிக்கற்கள், உலோகத் துண்டுகள். பல நூறு வருஷத்துக்கு முன்னால் கெடாவில் வச்ச அதே வழக்கத்தை, எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்து ஜனங்க நம்ம அம்மாவுக்கும் செஞ்சிருக்காங்க! அதைத்தான் நாங்க பிரிச்சு எடுத்துட்டோம்.

சில வருஷம் கழிச்சு நிலம் சம்பந்தமா ஒரு ஆபீசுக்குப் போனோம். "கோயில் எப்போ கட்டினது? ஆதாரம் என்ன?"ன்னு கேட்டாங்க. "தாத்தா சொன்னார்"னு சொன்னோம். தாத்தா சொன்னதை பைலில் வைக்க முடியுமா?

அந்தக் காசு இருந்திருந்தா ஆதாரம். ஒரு செம்புக்குள்ளே இருக்கிற காசிலேயே கடைசி வருஷம் எதுவோ, அதுக்கு முன்னால் அந்தச் செம்பைப் புதைச்சிருக்க முடியாது. எங்களுக்குக் கிடைச்சதில் சதுரக் காசு இருந்தது நல்லா ஞாபகம் இருக்கு. சதுர ஒரு காசு 1919லதான் வந்தது. அதில் தாடி வச்ச ராஜா இருந்தா ஐந்தாம் ஜார்ஜ், 1919லிருந்து 1926க்குள் அடிச்சது. தாடி இல்லாத ராஜா இருந்தா ஆறாம் ஜார்ஜ், 1939க்குப் பிறகு. அந்த ஒரு தாடியில் நம்ம கோயிலுக்கு இருபது வருஷம் வித்தியாசம். நாங்க யாரும் பார்க்கலை.

அதனால இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபமாச் சொல்லலை, நானே தப்பு செஞ்சவன்.

கோயில் மண்ணில் டிடெக்டர் வச்சுத் தோண்ட வேண்டாம். பொருள் எந்த ஆழத்தில், எதுக்குப் பக்கத்தில் இருந்ததுங்கிறதுதான் சரித்திரம். பிடுங்கி எடுத்தா அது வெறும் பித்தளை. சட்டமும் இருக்கு. 2005ஆம் வருஷத்து தேசிய பாரம்பரியச் சட்டப்படி, பழம்பொருள்னு நினைக்கிற மாதிரி ஏதாவது கிடைச்சா பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்கணும்.

திருப்பணியில் தற்செயலா ஏதாவது தென்பட்டா வெட்டுறதை நிறுத்துங்க. அசைக்காமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வச்சுப் படம் எடுங்க. ஆழத்தை அளந்து எழுதுங்க. நிர்வாகத்துக்குச் சொல்லுங்க.

கனமான இரும்பு உருளை மாதிரி தெரிஞ்சா தொடவே தொடாதீங்க, போலீசைக் கூப்பிடுங்க. 1945ல் கோலாலம்பூர் ரயில்வே பக்கம் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டப்ப செலாங்கூர் மியூசியமே அடிபட்டது. வெடிக்காத குண்டு இன்னும் எங்கே இருக்குன்னு சொல்ல முடியாது.

அந்தப் பொத்தானைக் கழுவாமல், தேய்க்காமல் ஒரு டப்பாவில் வச்சிருக்கோம். இடத்தைக் குறிச்சு, படமும் எடுத்தாச்சு. இந்த வாரம் மாவட்ட அலுவலகத்தில் தெரிவிக்கிறோம்.

கடைசியா, 1996 திருப்பணியில் எங்களோட இருந்த அண்ணன்மார், அக்காமார்களுக்கு. அன்னைக்கு எடுத்துக்கிட்ட காசு உங்க சாமி மேடையில் இன்னும் இருந்தா, வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டு வாங்க. யாரும் பிடுங்க மாட்டோம். ரெண்டு பக்கமும் படம் எடுத்துட்டு உங்க கையிலேயே கொடுத்துடுவோம். இப்போ அது முழு ஆதாரம் ஆகாதுன்னு தெரியும். ஆனா இருபது பேர் ஞாபகத்தையும் பத்துக் காசையும் சேர்த்து எழுதி வச்சா, நம்ம பேரப்பிள்ளைங்க "தாத்தா சொன்னார்"னு மட்டும் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டியதில்லை.

என் பங்குக் காசு எங்க அம்மாவோட குங்குமச் சிமிழில் இருந்தது. நேத்து ராத்திரி தேடி எடுத்தேன். வட்டக் காசு, ராணி தலை, 1897. நான் அதைக் கொண்டு வர்றேன். நீங்களும் கொண்டு வாங்க.

அம்மன் துணை.