உசத்திப் பெட்ரோலின் சரித்திரம்

ஜெமினி மேம்பாலம் 1973-ஆம் ஆண்டில் திறக்கப்படும் வரையில், தென்சென்னையில் மோட்டார் ஓட்டியவர்கள் ஏற்றம் என்ற ஒன்றைக் காணப் பரங்கிமலை வரையில் போக வேண்டியிருந்தது. பாலம் வந்த பிறகு, தியாகராய நகரிலிருந்து மவுண்ட் ரோடு வழியாகக் கோட்டைப் பக்கம் போகிற வண்டிகளுக்கெல்லாம் அன்றாடம் ஒரு சிறு பரீட்சை ஏற்பட்டது. எங்கள் வீட்டு அம்பாசடர் அந்தப் பரீட்சையில் தவறாமல் தோற்றது. குடும்பமாக ஏறி அமர்ந்து பாலத்தின் நடு ஏற்றத்தை அடைந்ததும், பித்தளைச் செம்பில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சினுக்குள்ளிருந்து ஓர் ஓசை எழும். இது பெட்ரோலின் குறைதான் என்று தீர்மானித்த என் தந்தையார், வழக்கமான 87 ஆக்டேனை விட்டு, விலை கூடிய 93 ஆக்டேனைப் போடத் தொடங்கினார். ஓசை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. சில மாதங்கள் கழித்து, மயிலாப்பூர் மாட வீதியை அடுத்த ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் மேல பழி போடாதீங்க சார், உள்ள கரி கட்டிக் கெடக்கு, டைமிங்கும் சரியில்ல" என்றார். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, டைமிங்கைத் திருத்திக் கொடுத்த மறுநாள், அதே வண்டி அதே பாலத்தில் 87 ஆக்டேனிலேயே சத்தமில்லாமல் ஏறிற்று.

அந்தச் சந்துப் பட்டறையில் நான் கற்ற பாடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியைக் குறிப்பது என்ற தவறான அபிப்பிராயம் படித்தவர்களிடையேயும் பரவியிருக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்தும்போது கலவை சூடேறுகிறது. பிளக்கின் பொறியிலிருந்து சுடர் ஒழுங்காகப் பரவி வருவதற்கு முன்பே, அந்தச் சூட்டைப் பொறுக்கமாட்டாமல் மூலையில் ஒதுங்கிய கலவை தானாக வெடித்துவிடுமானால், அதுதான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் ஓசை. அவ்வாறு முந்திக்கொண்டு வெடிக்காமல் பொறுத்திருக்கும் குணத்தின் அளவே ஆக்டேன் எண். ஆகவே அதைப் பலம் என்பதைவிடப் பொறுமை என்பதே பொருந்தும். மிகுந்த அழுத்தத்தில் இயங்கும் எஞ்சினுக்கு மிகுந்த பொறுமையுள்ள பெட்ரோல் அவசியம், 7.2-க்கு 1 என்ற விகிதத்தில் சாதுவாக அழுத்திய அம்பாசடருக்கு அதனால் விசேஷப் பிரயோஜனம் எதுவும் இல்லை.

சென்னை ராஜதானியில் மோட்டார் ஓடத் தொடங்கிய காலத்தில் இந்த விசாரமெல்லாம் எவருக்கும் இருந்ததில்லை. பாரி கம்பெனியின் யார்க் என்ற துரை 1901-இல் அடையாற்றிலுள்ள பென்ஸ் கார்டனிலிருந்து பாரிமுனை வரையில் தினந்தோறும் காரில் போய்வந்ததைச் சென்னைச் சரித்திரம் எழுதியோர் குறித்திருக்கிறார்கள். உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார், இங்கே கார் வாங்கிய முதல் இந்தியர் என்று பெயர் பெற்றவர். பெட்ரோல் அக்காலத்தில் தகரத்தில் அடைத்து வந்தது. கிடைத்த தகரத்தை வாங்கி ஊற்றினார்களேயன்றி, ரகம் பார்த்து வாங்க இடமில்லை. சொல்லப்போனால், எண்ணெய்க் கம்பெனி என்றாலே அன்று ஜனங்கள் நினைத்தது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயைத்தான். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் குண்டு வீசியபோது துறைமுகத்தருகே தீப்பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள். அந்த நெருப்பைக் கண்டு நடுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் சாமர்த்தியசாலியை 'சரியான எம்டன்' என்கிறார்கள். அந்தப் பர்மா ஆயிலும் ஷெல்லும் 1928-இல் கூடிப் பர்மா ஷெல் ஆயின. இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பஸ்கள் முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு கரி வாயுவில் ஓடின. பெட்ரோல் கிடைத்தாலே பாக்கியம் என்றிருந்த அந்நாளில் உசத்தி எது, மட்டம் எது என்று எவர் கேட்டிருப்பார்?

உசத்திப் பெட்ரோல் என்ற பதார்த்தம் பிறந்தது அமெரிக்காவில். தாமஸ் மிட்ஜ்லி என்பவர் 1921 டிசம்பரில், டெட்ரா எத்தில் ஈயம் என்ற திரவத்தைச் சிறிதளவு கலந்தால் நாக்கிங் அடங்கிவிடுவதைக் கண்டுபிடித்தார். 1923-இல் அது கூடுதல் விலைக்கு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே அந்தத் திரவத்தைத் தயாரித்த நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் ஐவர் சித்தம் பேதலித்து மாண்டார்கள். ஈயம் விஷம் என்பது அன்றே தெரிந்திருந்தும், மலிவான உபாயம் என்ற ஒரே காரணத்தால் உலகம் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. நம் நாடும் விலக்கல்ல.

மணலியில் சென்னைச் சுத்திகரிப்பாலை 1965-இல் இந்திய அரசாங்கம், அமெரிக்க அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனி ஆகிய மூவரின் கூட்டாக நிறுவப்பட்டு, ஆண்டுக்கு 25 லட்சம் டன் சக்தியுடன் 1969-இல் இயங்கத் தொடங்கியது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி பெட்ரோலில் 87, 93 என்ற இரு ரகங்கள் இருந்தன அல்லவா? அவற்றில் அனுமதிக்கப்பட்ட ஈயத்தின் அளவு, 87-க்கு லிட்டருக்கு 0.56 கிராம், 93-க்கு 0.80 கிராம். என் தந்தையார் பணத்தைக் கூடுதலாகக் கொடுத்து வாங்கி, பாண்டி பஜாரிலும் லஸ்ஸிலும் நடந்து போன குழந்தைகளின் சுவாசத்தில் கலந்தது அதிகப்படியான ஈயமாக இருக்கலாம் என்பதை எண்ணும்போது இன்றும் மனம் வேதனைப்படுகிறது. அவர் அறியாமல் செய்தார், அறிந்தவர்கள் சொல்லவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே, 1994-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயம் 0.15 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1995 ஏப்ரல் 1 முதல் புதிய கார்களுக்காக ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் நாடெங்கும் ஒழிந்தது. நூறாண்டுப் பெட்ரோல் வியாபாரத்தில் நம் நகரவாசிகளுக்குக் கிடைத்த மெய்யான உயர்வு எது என்று என்னைக் கேட்டால், இதையே சொல்வேன். அந்த உயர்வு எந்த விசேஷப் பெயரோடும் வரவில்லை.

பெயர்கள் அதன் பின்னர் வந்தன. 2002 ஏப்ரலில் அரசாங்கத்தின் நிர்வாக விலை முறை நீங்கியதும், பாரத் பெட்ரோலியம் ஸ்பீடு என்றும், இந்துஸ்தான் பெட்ரோலியம் பவர் என்றும், இந்தியன் ஆயில் எக்ஸ்ட்ரா பிரீமியம் என்றும் நாமகரணம் செய்து, அழுக்கு நீக்கும் ரசாயனங்களைச் சேர்த்த பெட்ரோலை விற்கலாயின. மூலப் பெட்ரோலில் பேதம் அதிகமில்லை. நிறுவனங்கள் தம்முள் சரக்கைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால், மணலியில் பிறந்தது பல கொடிகளின் கீழ் விற்பனையாகிறது. விலை பேதத்துக்கோ வேறொரு காரணமும் இருந்தது: பெயரிட்ட பெட்ரோலுக்கு அரசாங்கம் தனியாக உயர்ந்த கலால் வரி விதித்தது. 2014-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அந்த வரி லிட்டருக்கு 7.50 ரூபாயிலிருந்து 2.35 ரூபாயாகக் குறைக்கப்பட்டதென்றால், அதுவரை உசத்தி என்று நாம் கொடுத்த பணத்தில் எஞ்சினுக்குப் போனது எவ்வளவு, கஜானாவுக்குப் போனது எவ்வளவு என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். ரசாயனங்களால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். இன்ஜெக்டரில் கசடு படியாமல் அவை காக்கக்கூடும். ஆனால் பிக்கப் கூடுகிறது, மைலேஜ் ஏறுகிறது என்று சொல்லப்படுவதற்கு, அதற்கென்று வடிவமைக்கப்படாத வண்டியில் ஆதாரம் காணோம். அமெரிக்க மோட்டார்காரர் சங்கம் 2016-இல் செய்த பரிசோதனையில், சாதாவுக்கென்று அமைந்த கார்களுக்கு உசத்தி ரகத்தால் எந்த லாபமும் இல்லையென்று கண்டது.

மயிலாப்பூர்க்காரர்கள் காப்பிக்கொட்டையில் பீபெரியையும் பிளாண்டேஷனையும் பிரித்தறிந்து, இரண்டிலும் எத்தனை பங்கு வேண்டுமென்று கடையில் நின்று அரைத்து வாங்குகிறவர்கள். அதற்கு நாக்கு சாட்சி. பெட்ரோலுக்கு அப்படியொரு சாட்சி நம்மிடம் இல்லாமையால், பெயரையும் விலையையும் கண்டு நம்ப நேர்கிறது.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது சாதாவுக்கு 91, உசத்திக்கு 95 என்ற கணக்கு நடைமுறையில் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் ரகத்தையும் வெளியிட்டது. போட் கிளப் சாலையிலும் போயஸ் தோட்டத்திலும் நிற்கும் சில அந்நிய தேசத்துக் கார்களுக்கு அத்தகைய பெட்ரோல் நியாயமான தேவையே. மற்றவர்களின் நிலைமையோ இப்போது மேலும் மாறிவிட்டது. எத்தனால் தன் சுபாவத்திலேயே நாக்கிங்கை மிகுதியாகத் தடுப்பது. அதை 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு இந்தியத் தரம் கேட்பதே 95 ஆக்டேன். அதாவது, நேற்று உசத்தி என்று தனிக்குழாயில் விற்ற எண், இன்று சாதாக் குழாயிலேயே வந்துவிட்டது. எத்தனாலில் உஷ்ணசக்தி குறைவாதலால் மைலேஜ் சற்றுக் குறைவது உண்மை; பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களைக் கவனிக்க வேண்டியதும் உண்மை. ஆக்டேன் எண்ணை உயர்த்தி அந்தக் குறைகளை நிவர்த்திக்க இயலாது.

மாதம் 60 லிட்டர் போடும் ஒரு குடும்பத்துக்கு, லிட்டருக்கு 7 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 5,040 ரூபாய் ஆகிறது. ஆயில் மாற்றவும், ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் புதுப்பிக்கவும் அந்தத் தொகையைச் செலவிட்டால் எஞ்சின் நிச்சயமாக நன்றி பாராட்டும். அடுத்த முறை பங்க்கில் நிற்கும்போது, பெட்ரோல் டாங்கி மூடியின் உட்புறத்தை அல்லது வண்டியோடு தந்த கையேட்டைப் பாருங்கள். 91 என்றிருந்தால், சாதாவே போடச் சொல்லுங்கள்.