ஒரு கேள்வியும் ஒரு கோடும்

சென்னையிலோ தூத்துக்குடியிலோ துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் பக்கவாட்டை உற்று நோக்கினால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வட்டத்தையும் அதன் குறுக்கே செல்லும் ஒரு கோட்டையும் காணலாம். அருகே ஏணிப்படிகள் போலச் சிறு கோடுகள் சிலவும் இருக்கும். கடல்நீர் அக்கோட்டைத் தாண்டும் அளவுக்குக் கப்பலில் பாரம் ஏற்றலாகாது என்பது சட்டம். குளிர்காலக் கடலுக்கு ஒரு கோடு, வெப்பமண்டலக் கடலுக்கு ஒரு கோடு, நன்னீருக்கு ஒரு கோடு என்று அளவுகள் வேறுபடும். மாலுமிகள் இதனைப் ‘பிளிம்சால் கோடு’ என்று அழைக்கின்றனர். பிளிம்சால் கப்பல் கட்டியவர் அல்லர், கடலோடியும் அல்லர். எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து அரசாங்கத்தை நோக்கிக் கேள்வி கேட்ட ஒரு பாராளுமன்ற உறுப்பினர்.

சாமுவேல் பிளிம்சால் 1824-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். இலண்டனில் நிலக்கரி வணிகம் தொடங்கி நொடித்துப்போனார். அந்நாட்களில் ஏழைத் தொழிலாளருக்கான விடுதி ஒன்றில் தங்கி, வாரத்துக்கு எட்டு ஷில்லிங்குக்கும் குறைவான பணத்தில் காலம் தள்ளினார். உழைப்பாளி மக்களின் நேர்மையையும் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவியையும் அங்கே கண்டதாகப் பின்னர் எழுதினார். வணிகத்தில் மீண்டும் தலையெடுத்து, 1868-இல் டெர்பி தொகுதியிலிருந்து லிபரல் கட்சியின் சார்பில் பாராளுமன்றம் சென்றபோதும் அவர் அம்மக்களை மறக்கவில்லை.

அக்காலத்தில் பிரிட்டனின் வணிகமெல்லாம் கடலையே நம்பியிருந்தது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாலுமிகள் கடலில் மாண்டனர். இதனைப் புயலின் சீற்றம் என்றும் விதியின் செயல் என்றும் சொல்லி உலகம் ஆறுதல் கொண்டது. ஆனால் பல கப்பல்களை மூழ்கடித்தவை பேராசையும் அலட்சியமுமே. உளுத்துப்போன பழங்கப்பல்களுக்குப் புதுவண்ணம் பூசினர்; தாங்கும் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றினர்; கப்பலின் மதிப்புக்கு மேலாகவும் காப்புறுதி செய்ய இடமிருந்தது. கப்பல் கரைசேர்ந்தால் சரக்கின் ஆதாயம். மூழ்கினால் காப்புறுதிப் பணம். இழப்பு மாலுமியின் மனைவி மக்களுக்கு மட்டுமே. இத்தகையவற்றை மக்கள் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்றனர். வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட மாலுமி, கப்பலின் நிலைகண்டு அஞ்சி ஏற மறுத்தால், சட்டம் அவனைத்தான் சிறையில் அடைத்தது.

பாரத்துக்கு எல்லைக்கோடு வேண்டும் என்ற கருத்து பிளிம்சாலுக்கு முன்பே எழுந்திருந்தது. அதற்காக வாதாடியவர்களுள் நியூகாசிலைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் உரிமையாளரும் ஒருவர். எனவே கப்பல் முதலாளிகள் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. அக்கருத்தைப் பிளிம்சால் தம் வாழ்நாள் பணியாக ஏற்று, 1873-இல் ‘நம் மாலுமிகள்’ என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். நாடே கொதித்தெழுந்தது, அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. நூலில் மிகைப்படுத்தலும் பிழைகளும் இருந்தமையால் அவர் நீதிமன்றப் படிகளும் ஏற நேர்ந்தது. நல்ல நோக்கத்தோடு பேசுவோரும் சான்றுகளை நிறுத்துப் பார்த்தே பேச வேண்டும் என்பதை இதில் நாம் கற்கிறோம்.

1874-ஆம் ஆண்டுத் தேர்தலில் கிளாட்ஸ்டன் தோற்று, டிஸ்ரேலி பிரதமரானார். பிளிம்சால் எதிர்க்கட்சி உறுப்பினரானார். அவ்வாண்டு அவர் கொண்டுவந்த மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது. மறு ஆண்டு அரசாங்கமே ஒரு மசோதாவைக் கொணர்ந்தது. அது போதாதெனினும் பிளிம்சால் அதனை ஏற்க முன்வந்தார். ஆனால் 1875 ஜூலை 22 அன்று, வேளாண் நிலங்கள் பற்றிய வேறொரு மசோதாவுக்கு நேரம் வேண்டுமென்று, கப்பல் மசோதாவைக் கைவிடுவதாக டிஸ்ரேலி அறிவித்தார்.

பிளிம்சால் எழுந்தார். வர்த்தக வாரியத்தின் தலைவரைத் தாம் கேட்கப்போகும் கேள்வியை அவை முன் வைத்தார். முந்திய ஆண்டில் மூழ்கிய மூன்று கப்பல்களின் பெயர்களைச் சொன்னார். அவற்றோடு மாண்ட 87 உயிர்களைச் சொன்னார். கைவிடப்பட்ட வேறு இரு கப்பல்களையும் குறிப்பிட்டார். இவற்றின் உரிமையாளராகப் பதிவாகியுள்ள எட்வர்ட் பேட்ஸ் என்பவர், இதே அவையில் அமர்ந்திருக்கும் பிளிமத் தொகுதி உறுப்பினர்தாமா என்று கேட்டார். தம் பக்கத்து உறுப்பினர் சிலரைப் பற்றியும் கேட்கப்போவதாக அடுத்துச் சொன்னார். சினம் மேலிட்டு, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரைக் கயவர்கள் என்றார். சபாநாயகர் சொல்லைத் திரும்பப்பெறும்படி கேட்டும் மறுத்துவிட்டு வெளியேறினார்.

ஒரு வாரம் கழித்து அவர் அவைக்கு வந்து, தம் சொற்களுக்காக மன்னிப்புக் கோரினார். தாம் எடுத்துரைத்த செய்திகளை மட்டும் திரும்பப்பெறவில்லை. பேட்ஸ் தம்மேல் தவறில்லை என வாதிட்டார். அவரைக் குற்றவாளி என எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஆயினும் அந்தக் கேள்வி அவையின் சுவர்களுக்குள் அடங்கவில்லை. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. பணிந்த அரசாங்கம், சில நாட்களிலேயே ஓராண்டுக்கான தற்காலிகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கப்பல் பாதுகாப்பற்றது என மாலுமிகளில் நாலில் ஒரு பங்கினர் புகார் செய்தால் சோதனை நடத்த அது வழிசெய்தது. 1876-இல் நிலையான சட்டம் வந்து, ஒவ்வொரு கப்பலிலும் கோடு வரைதல் கட்டாயமாயிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் மகிழலாம். ஆனால் கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதை அச்சட்டம் கப்பல் உரிமையாளரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது! கார்டிஃப் துறைமுகத்தில் கப்பல் தலைவர் ஒருவர் அதனைப் புகைபோக்கியின்மேல் வரைந்தாராம் என்றொரு செய்தி சொல்லப்படுவதுண்டு. எழுத்தில் சட்டம், நடைமுறையில் ஏமாற்று. கோட்டின் இடத்தை அரசே வரையறுக்கும் சட்டம் 1890-இல்தான் வந்தது. பதினான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. இதற்கிடையே, 1880-இல், அமைச்சரான ஹார்க்கோர்ட் தம்மைவிட மாலுமிகளுக்கு மிகுதியாகச் செய்ய இயலும் என நம்பி, பிளிம்சால் தம் தொகுதியையே அவருக்கு விட்டுக்கொடுத்தார். பதவியைத் துறந்தவர் பணியைத் துறக்கவில்லை; பின்னர் மாலுமிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்து உழைத்தார். 1898-இல் காலமானார். பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல்களுக்கும் இவ்விதி 1906-இல் விரிந்தது. 1930-இல் அது பன்னாட்டு உடன்படிக்கையாயிற்று, 1966-இல் புதுப்பிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் சிறப்பாக எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. கடல்மீதும் விதிமீதும் சுமத்தப்பட்ட பழியைப் பிளிம்சால் அங்கிருந்து இறக்கி, மனிதக் கரங்களின்மேல் வைத்தார். கப்பலின் பெயர் என்ன, உரிமையாளர் யார், எத்தனைபேர் மாண்டனர் என்று பொறுப்பானவர்களை எழுந்து நின்று விடைசொல்ல வைக்கும் கேள்வி அது. எதிர்க்கட்சியின் கடமை இதுவே. அவர் தம் கட்சியினரையும் விட்டுவைக்க எண்ணாததாலேயே அக்கேள்விக்கு வலிமை வந்தது. ஆளுங்கட்சியைச் சாடுவதற்கு மட்டும் பிணங்களை எண்ணுபவர் அரசியல் நடத்துகிறார். தம் தோழரிடமும் கணக்குக் கேட்பவரே உயிர்களைக் காக்கிறார்.

நம் நீர்நிலைகளிலும் அந்தக் கேள்வி காத்துக்கிடக்கிறது. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று பழவேற்காடு ஏரியில் அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அவ்வாறே 22 பேர் மாண்டனர். இவற்றைக் கேட்டு ‘நேரம் வந்துவிட்டது’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது நமக்கும் எளிது. படகில் ஏற்றத்தக்கோர் எத்தனை பேர், அதை எண்ண வேண்டியவர் யார், அன்று அவர் எங்கிருந்தார் என்று கேட்பது கடினம். பாராளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் நம் பெயரால் அமர்ந்திருப்போரைக் கேட்கவைக்க வேண்டியவர்கள் நாமே. ஒருமுறை கேட்டதோடு நில்லாமல், கோடு சரியான இடத்தில் வரையப்படும்வரை கேட்கவைப்போம்.